ஓரங்களின் வேலை

கடல்நீர் எப்படி ஓடும் என்று சொல்லும் சமன்பாடுகள் பழையவை. நேவியர் 1822-இல் தொடங்கியதை ஸ்டோக்ஸ் 1845-இல் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். சுழலும் ஒன்றின் மேல் நகரும் பொருள் ஏன் பக்கவாட்டில் விலகுகிறது என்ற கணக்கைக் கொரியோலி 1835-இல் கொடுத்துவிட்டார். அவற்றைத் தீர்க்கும் கணினி நிரல்களும் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றான ரோம்ஸைத் தரவிறக்கி, கையேட்டைப் புரட்டிப் புரட்டிச் சில வாரங்களில் ஓடவிட்டுவிடலாம். திரையில் நீலமும் சிவப்புமாகச் சுழல்கள் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது எந்தக் கடல் என்று கேட்டால்தான் சிக்கல்.

தமிழகக் கரையோரத்துக் கண்டத்திட்டை, அதிலும் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும், கணினியில் கட்டி நாளைய நிலையைச் சொல்ல முயல்வது என் பிழைப்பு. இத்தனை காலத்தில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியது ஒன்றுதான். கரையோரக் கடலின் சுபாவம் அதன் ஓரங்களில் இருக்கிறது. கீழே தரை, ஒரு பக்கம் கரை, மறுபக்கம் திறந்த கடல், மேலே காற்று. நடுவில் இருக்கும் நீரைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். ஓரம் நான்கையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் ஆழம்தான். வங்கக் கடலின் நடுவே 3,000 மீட்டர் ஆழத்தில், மேலே வீசும் காற்றுக்குக் கீழே தரை இருப்பதே தெரியாது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதியோ 15 மீட்டரைத் தாண்டாது. அங்கே மேலிருந்து காற்று இழுக்கும் இழுப்பும் கீழிருந்து தரை கொடுக்கும் உராய்வும் ஒரே நீரில் சந்திக்கின்றன. இடையில் தனக்கென்று ஒரு போக்கு வைத்துக்கொள்ள அந்த நீருக்கு இடமே இல்லை.

முதலில் கட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், வேகம், வெப்பம், உப்பு ஆகியவற்றைக் கணக்கிடுவதுதான் அடிப்படை. எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் வைத்தால் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று கவனிக்காமல், ஒன்றில் மேடும் அடுத்ததில் பள்ளமுமாக மட்டம் தாறுமாறாகிவிடும். அதனால் அகியோ அரகாவா வகுத்துத் தந்த முறையில், நீர்மட்டம் ஓரிடத்திலும் வேகம் இரண்டு மட்டங்களுக்கு நடுவிலுமாக மாற்றி மாற்றி வைக்கிறோம். ஊடுபுள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரிசைக்கு இடையில் விழும் புள்ளிதான் முழுக் கோலத்தையும் கட்டி நிறுத்துகிறது.

அடுத்தது நேரம். எத்தனை நொடிக்கு ஒருமுறை கணக்கிடுவது? கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூவர் மின்கணினிகள் பிறக்கும் முன்பே, 1928-இல், அதற்கு ஒரு விதி சொல்லிவிட்டார்கள். ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். நீண்ட அலையின் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். 3,000 மீட்டர் ஆழத்தில் 170 மீட்டருக்கும் மேல். ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் பாக் விரிகுடாவை மட்டும் கணக்கிட்டால் 100 நொடிக்கு ஒருமுறை போதும். எல்லையைக் கொஞ்சம் நீட்டி ஆழ்கடலின் ஒரு மூலையைச் சேர்த்துக்கொண்டால் ஆறு நொடிக்குள் இறங்க வேண்டும். அந்த ஒரு மூலைக்காக மொத்தக் கடலும் குறுநடை போடும். நீர்மட்டத்தைச் சிறு அடிகளிலும், மெதுவாக மாறும் உள்நீரைப் பெரிய அடிகளிலும் பிரித்துக் கணக்கிடுவது ரோம்ஸ் கண்ட வழி. அப்படிச் செய்தும், மாடலின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற கேள்வியில் எங்கள் நாட்கள் நிறையவே போகும்.

இனி முதல் ஓரம், தரை.

கட்டி முடித்த மாடலை நான் உடனே முன்கணிப்புக்கு விடுவதில்லை. சும்மா இருக்கச் சொல்வேன். காற்றை நிறுத்துவேன், ஓதத்தை நிறுத்துவேன், வெயிலையும் நிறுத்துவேன். நீரின் அடர்த்தி ஆழத்துக்கு ஆழம் மட்டும் மாறும்படியும், ஒரே ஆழத்தில் எங்கும் ஒன்றாக இருக்கும்படியும் வைப்பேன். அப்படிப்பட்ட கடலில் எதுவும் அசையக் கூடாது. மன்னார் வளைகுடாவை உள்ளடக்கிய எந்த மாடலும் முதல் தடவையிலேயே அடங்கி உட்காராது. ஏதோ ஒரு நீரோட்டம் சரிவை ஒட்டி முளைத்துவிடும். அது கணக்கு தானாகப் பிறப்பித்த பொய் நீரோட்டம்.

ஏன் பிறக்கிறது? ரோம்ஸ் வகை மாடல்களில் அடுக்குகள் கடல்தரையைத் தொடர்ந்து வளைகின்றன. சீரான 30 அடுக்குகள் என்று வைத்தால், 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வோர் அடுக்கும் ஒரு முழத்தை எட்டாது. 1,000 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டருக்கு மேல் இருக்கும். ஆழமில்லாத இடத்தில் மேலும் கீழும் நுணுக்கமாகப் பார்க்க இது பெரிய வசதி. சரிவில்தான் வினை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரே எண்ணுள்ள அடுக்கு வெவ்வேறு ஆழத்தில் இருக்கும். அவற்றின் அழுத்த வேறுபாட்டைக் காண இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறியதொரு மிச்சத்தை எடுக்கிறோம். பிழை அந்த மிச்சத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பரிகாரம், சரிவை இழைத்துச் சாய்வைக் குறைப்பது. எவ்வளவு இழைப்பது என்பதற்கு அளவுகோல்கள் உண்டு. ஆனால் முடிவு கடைசியில் கையில்தான் இருக்கிறது. அதிகம் இழைத்தால் பொய் நீரோட்டம் அடங்கும், கூடவே திட்டின் விளிம்பும் மழுங்கிப்போய், விளிம்பை ஒட்டி ஓடும் மெய் நீரோட்டம் இடம் மாறும். குறைவாக இழைத்தால் விளிம்பு நிற்கும், பொய்யும் நிற்கும். வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் பொய்யைப் பொறுத்துக்கொண்டு விளிம்பைக் காப்பாற்றுவது என் பழக்கம். வேறு கடலில் வேலை செய்பவர் வேறுவிதமாக முடிவெடுப்பார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

இழைப்பதற்கு முன் தரையின் ஆழம் தெரிய வேண்டுமே? உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுக்கும் ஜெப்கோ, மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் 1903-இல் தொடங்கிய முயற்சி. ஆழ்கடலுக்கு அது கைகொடுக்கும். கரையை நெருங்க நெருங்க நம்பகம் குறையும். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தினர் கடற்படையின் நீர்வரைபடங்களிலிருந்து ஆழங்களை எண்ணாக்கி, 2007-இல் இந்தியப் பெருங்கடலின் ஆழமற்ற பகுதிகளுக்குத் திருத்திய தொகுப்பொன்றை வெளியிட்டார்கள். எங்களுக்கு அது பேருதவி. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலுமியின் வரைபடம் ஆழத்தைத் தாழ்நீர்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது, கப்பல் தட்டாமல் இருக்க அதுதானே அவருக்கு வேண்டும். மாடலுக்கு வேண்டியது சராசரி நீர்மட்டம். அரை மீட்டர் வித்தியாசம் ஆழ்கடலில் தூசு. மூன்று மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது ஆறில் ஒரு பங்கு.

எந்த வரைபடமும் ஒருமுறை எடுத்ததுதான். மணல் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. பாம்பன் பக்கம் மூத்த மீனவர் ஒருவரிடம் மடிக்கணினியில் என் ஆழ வரைபடத்தைக் காட்டினேன். ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கை விரித்த நீளத்தில், எண்ணுபவர். விரலை வைத்துக் கேட்டார்: “இந்த எடத்துல ரெண்டு பாகம்னு போட்டுருக்கீகளே தம்பி, எப்ப பாத்தது?”

“அது பழைய கணக்குங்கய்யா.”

“வாடை காலத்துல இங்க மண்ணு ஏறிரும். சோழகம் வந்தா நீவாடு மாறும், வாரிக்கிட்டுப் போயிரும். ரெண்டு பாகமும் சரிதான், ஒரு பாகமும் சரிதான். எந்த மாசம்னு நீங்க சொல்லணும்ல?”

வாடை வடக்கத்திக் காற்று, சோழகம் தெற்கத்திக் காற்று, நீவாடு நீரோட்டம். அதற்குப் பிறகு ஆழம் என்ற எண்ணின் பக்கத்தில் மாதத்தையும் எழுதி வைக்கிறேன்.

தரையின் உராய்வும் ஓர் எண்ணாகத்தான் மாடலுக்குள் போகிறது. பாடப்புத்தகம் கடல் முழுமைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பாக் விரிகுடாவின் அடியில் மணல் ஓரிடம், சேறு ஓரிடம், கடற்புல் பரப்பு ஓரிடம். ஆவுளியா மேயும் புல்வெளிகள் அவை; 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்த பகுதியும் இதுவே. புல் அடர்ந்த தரை நீரோட்டத்தைப் பிடித்து வைக்கும், வழுவழுப்பான சேறு விட்டுவிடும். புல்வெளியின் எல்லையை உயிரியலாளர்கள் வரைந்து கொடுத்தால், எங்களுக்கு அது உராய்வின் வரைபடம்.

இரண்டாவது ஓரம், கரை.

ஐந்து கிலோமீட்டர் கட்டத்தில் பாம்பன் கால்வாய் காணாமல் போய்விடும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் திறப்பு ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், அதைக் கடல் என்பதா நிலம் என்பதா என்று நாம் முடிவெடுக்க வேண்டும். கடல் என்றால் உண்மையில் போவதைவிடப் பல மடங்கு நீர் அதன் வழியே பாயும். நிலம் என்றால் ராமேஸ்வரம் தீவு தீவாக இருக்காது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை கிடக்கும் தீடைகளின் கதையும் இதே. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆள் ஆழத்துக்குள் அடங்கும் இடைவெளிகள். அவற்றின் வழியாகத்தான் வங்கக் கடல் பக்கத்து நீரும் மன்னார் பக்கத்து நீரும் பருவத்துக்குப் பருவம் மாறி மாறிப் போய்வருகின்றன. எத்தனை இடைவெளியை எவ்வளவு ஆழத்துக்குத் திறந்து வைக்கிறோம் என்பதில் விரிகுடா முழுவதன் உப்புக் கணக்கும் மாறிவிடும்.

முக்கோண வலை இதற்கு ஒரு விடை. ஆட்சர்க் என்ற நிரல் அந்த வகை. ஆழ்கடலில் பல கிலோமீட்டர் பக்கமுள்ள முக்கோணம், கரையை நெருங்கும்போது சில நூறு மீட்டராகச் சுருங்கும். புயல் காலத்தில் நீர் எந்த ஊருக்குள் எவ்வளவு ஏறும் என்று சொல்ல ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. முக்கோணங்களை வரைவதை ஒரு மென்பொருள் நொடியில் செய்துவிடும். ஆனால் உப்பளக் கரை எங்கே, தூண்டில் வளைவு எங்கே, கழிமுகத்தை மணல் அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அடைபட்ட கழிமுகத்தைத் திறந்ததாக வரைந்தால் கடல் ஊருக்குள் வரும் கணக்கு பொய்க்கும்.

மூன்றாவது, திறந்த எல்லை. மூன்று பக்கம் இயற்கை போட்ட கோடு. இது நாம் போட்டது. கடல் அங்கே முடிவதில்லை, நம் கணக்கு மட்டும் முடிகிறது. வெளியே நடப்பது உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே எழும் அலை கோட்டில் மோதித் திரும்பாமல் வெளியேறியும் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் சாதிக்கும் முறையை ரோஜர் ஃபிளாதர் 1976-இல் எழுதினார். லிவர்பூலை ஒட்டிய பிட்ஸ்டனில் இருந்த ஆய்வகத்தில், வடகடலை உள்ளடக்கிய வடமேற்கு ஐரோப்பியக் கண்டத்திட்டுக்காகச் செய்த வேலை அது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேரையும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரையும் கொண்டுபோனது. அந்த இழப்புக்குப் பின் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடியவர்கள் கட்டிய கணக்கைத்தான் இன்று வங்கக் கடலின் எல்லையிலும் வைக்கிறோம்.

அந்தக் கோட்டின் வழியே உள்ளே வருபவற்றில் எளியது ஓதம். நிலவு இழுப்பதில் 12.42 மணி நேரத்துக்கு ஒரு கூறு, சூரியன் இழுப்பதில் 12 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒருமுறை வருபவை சில. நம் கரையில் ஏற்ற வற்றம் பெரிய நாளிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஹூக்ளியின் முகத்தில் அது ஐந்து மீட்டரைத் தொடும். ஆகவே ஓதத்தில் பெரிய தலைவலி இல்லை. தலைவலி தருவது தூரத்துச் செய்தி. வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத பங்குனி மாதத்தில், கரையில் காற்றே இல்லாதபோது, சென்னைக்கு அப்பால் நீரோட்டம் வடக்கு நோக்கி வேகமெடுக்கிறது. உள்ளூர்க் காற்றை மட்டும் கொடுத்த மாடலுக்கு இது விளங்கவே விளங்காது. அந்த வேகத்தின் ஒரு பங்கு வங்கக் கடலின் நடுவே வீசும் காற்றின் முறுக்கிலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு நிலநடுக்கோட்டில் கிளம்பி, சுமத்ராவில் மோதி, மியான்மர், வங்கதேசம் என்று கரையைப் பிடித்தபடி வாரக்கணக்கில் சுற்றி வரும் அலைகளிலிருந்து வருகிறது. எல்லையில் அந்தச் செய்தியை வைக்காதவர் பங்குனிக் கடலைக் கணிக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். நீரோட்டம் தெற்கே திரும்பும். கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாக ஆந்திரம் கடந்து தெற்கே இறங்குகிறது. இந்தக் கடலுக்குள் ஓடும் ஆற்றைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதன் அடித்தளம், கரை நெடுக மீனவர்கள் முறை தவறாமல் மொண்டு கொடுத்த கடல்நீர். செயற்கைக்கோளின் கண் கரைக்குப் பக்கத்தில் மங்கும். அங்கே படகும் ஒரு பாட்டிலும் வேலையை முடித்தன. மேலே நன்னீர்ப் படலம் இருந்தால் காற்றின் தள்ளுதல் அந்த மெல்லிய படலத்திலேயே தங்கி, கீழ்நீருக்கு இறங்காது. எனவே வடக்கு எல்லையில் கொடுக்கும் உப்பின் அளவு, நாகப்பட்டினத்துக்கு எதிரே நீரோட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

தெற்கு எல்லையின் வழியே வருவது கள்ளக்கடல். குமரிக்கு வெகு தெற்கே, அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் புயல் அடிக்கும். 18 நொடி இடைவெளியுள்ள நீண்ட அலைகள் நாளுக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி, ஐந்து நாளுக்கு மேல் பயணம் செய்து நம் கரைக்கு வரும். வந்து சேரும் நாளில் இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. அரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அலைக்குத் திட்டின் விளிம்பு வந்ததுமே தரை தட்டும். நீளம் சுருங்கி உயரம் கூடும். முன்கணிப்பவருக்கு இது வரப்பிரசாதம் என்றே சொல்லலாம். புயல் அடித்தது தெரிந்துவிட்டால், வருகையை நாட்களுக்கு முன்பே சொல்ல முடியும்.

நான்காவது ஓரம் காற்று. மேலே சொன்ன மூன்றையும் செம்மையாகச் செய்தாலும் இதுதான் கவிழ்க்கும். காற்று நீரை இழுக்கும் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வேகத்தில் பத்து விழுக்காடு பிழை இருந்தால் விசையில் இருபதுக்கு மேல். வானிலை மாடலின் கட்டம் 25 கிலோமீட்டர் என்று கொள்வோம். கரையோரக் கட்டத்தில் பாதி நிலம், பாதி கடல். நிலத்தின் மரமும் வீடும் காற்றைத் தளர்த்த, அந்தத் தளர்ந்த காற்றே கடல் பாதிக்கும் போய்ச் சேரும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்றான கச்சான் பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறதே, அந்தக் கணவாய் 25 கிலோமீட்டர் கட்டத்துக்குச் சரியாகத் தெரியாது. கணவாய் தெரியாத காற்றைக் கொண்டு தூத்துக்குடிக்கு எதிரே கடலைக் கணிப்பது வீண் வேலை.

புயல் என்றால் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் போடும் கணக்கு இது. மணிக்கு 108 கிலோமீட்டர் காற்று 80 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே திசையில் நீரைத் தள்ளுகிறது. கடல் 50 மீட்டர் ஆழம் என்றால் கரையில் மட்டம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரும். 10 மீட்டர் ஆழம் என்றால் 1.7 மீட்டர். காற்று அதே காற்றுதான். ஆழம் குறைந்த இடத்தில் கீழே திரும்பி ஓட நீருக்கு வழியில்லை. புயல் மையத்தின் தாழ்ந்த அழுத்தம், ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஒரு சென்டிமீட்டர் வீதம் தன் பங்கைச் சேர்க்கும். வங்கக் கடலின் வடமுனையில் திட்டு அகன்று ஆழமற்று இருப்பதால்தான் 1970 நவம்பர் புயல் அங்கே லட்சக்கணக்கானவர்களை விழுங்கியது. அந்தக் கடலுக்கான புயல் ஏற்றத்தை எண்முறையில் கணிக்கும் மாடல் ஒன்றை 1972-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் பி. கே. தாஸ், பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவரானவர்.

பாக் விரிகுடாவில் புயல் எங்கே நுழைகிறது என்பது ஏற்றத்தின் அளவை மட்டும் மாற்றாது, குறியையே மாற்றும். மையம் வேதாரண்யத்துக்கு வடக்கே கரை கடந்தால் விரிகுடா மையத்தின் தென்புறம் இருக்கும். அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசி, நீர் தொண்டிக் கரையை விட்டு விலகும். மையம் இலங்கையைக் குறுக்கே கடந்து மன்னார் பக்கம் வந்தால் விரிகுடா வடபுறத்தில் சிக்கும். கிழக்கிலிருந்து வரும் காற்று நீரை மேற்குக் கரையில் குவிக்கும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையைக் கடந்து வந்தது. 2018-இல் கஜா வேதாரண்யம் பக்கமாக உள்ளே நுழைந்தது. 2020-இல் புரெவி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துக்கு அருகே அசையாமல் நின்று வலுவிழந்தது. ஒரு நாள் முன்பே சொல்லப்படும் மையத்தின் இடம் பல பத்துக் கிலோமீட்டர் தள்ளிப்போவது இயல்பு. எங்கள் விரிகுடாவில் அந்தத் தூரத்துக்குள்தான் ஏற்றமும் வற்றமும் பிரிகின்றன. அதனால் ஒரு பாதையை மட்டும் ஓட்டி ஒரு விடை தருவதை நான் விட்டுவிட்டேன். பாதையை வடக்கே தள்ளி, தெற்கே தள்ளி, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பல ஓட்டங்கள் ஓட்டி, ஒவ்வோர் ஊருக்கும் மிக மோசமான எண்ணைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

சொன்னது நடந்ததா என்று பார்ப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. கல்பாக்கத்திலும் கடலூரிலும் கரையில் நிற்கும் ரேடார்கள் ரேடியோ அலையைக் கடலுக்கு அனுப்புகின்றன. தன் நீளத்தில் பாதி நீளமுள்ள கடல் அலைகளில் பட்டு அது பலமாகத் திரும்பும். திரும்பியதன் அதிர்வெண் மாற்றம் மேற்பரப்பு நீரோட்டத்தைச் சொல்லும். அந்த வரைபடத்தை மாடலோடு ஒப்பிடும்போது ஒரு கண்ணி காத்திருக்கும். சுழல் ஒன்றைச் சரியாகக் கணித்து, இடத்தை மட்டும் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போட்ட மாடலுக்கு இரட்டைத் தண்டனை கிடைக்கும்: இல்லாத இடத்தில் காட்டியதற்கு ஒன்று, இருந்த இடத்தில் காட்டாததற்கு ஒன்று. சுழலே காட்டாமல் மழுப்பிய மாடல் சராசரிப் பிழையில் ஜெயித்துவிடும். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் மழுப்பலைத்தான் பரிசளிப்பார். நான் முதலில் வேறொரு பரீட்சை வைப்பேன். நேற்று இருந்ததே இன்றும் இருக்கும் என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்பை என் மாடல் தோற்கடிக்கிறதா? இல்லையென்றால் இத்தனை மின்சாரம் எதற்கு?

நான்கு ஓரத்துக்கும் அப்பால் ஐந்தாவது ஒன்று உண்டு. கணிப்பைக் கேட்கும் மனிதர் அவர். நாம் ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று அறிவிப்பது, உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. சில மணி நேரம் கடலில் நிற்பவருக்கு நடுவே நான்கு மீட்டரை நெருங்கும் அலையும் வரலாம். வள்ளத்தில் போகிறவருக்குத் தேவை அந்த எண். 1990-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்த மையத்தினர், அமெரிக்கக் கடற்படையின் அலைக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். படகு இறங்கும் முன், இறங்குகிற இடத்தில், இறங்குகிறவர் மொழியில் செய்தி போயிற்று. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் கள்ளக்கடலில் இறந்தபோது எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. கணக்கு பொய்க்கவில்லை. மணலில் நின்றவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. கடைசி நூறு மீட்டரையும் மாடலின் பகுதியாகவே நான் இப்போது எண்ணுகிறேன்.

பழைய ஓட்டங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல்கள் இப்போது வந்துவிட்டன. சமன்பாட்டைத் தீர்க்காமலே நிமிடத்தில் விடை சொல்கின்றன. எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை; பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் தவறான ஆழத்தில் ஓடிய மாடலிடம் பாடம் படித்த நிரல், அந்தத் தவறான ஆழத்தைத்தான் வேகமாக ஒப்பிக்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பெரிய கணினியில் நேரம் கேட்டு வருகிறார்கள். கட்டத்தை ஒரு கிலோமீட்டரிலிருந்து 500 மீட்டராக்க ஆசை. கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்காகும்: இரு திசையிலும் இரட்டிப்பு, நேர அடியும் பாதி. அந்த எட்டு மடங்குச் செலவைக் கையில் கொடுத்து என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டால் கணினி வாங்க மாட்டேன். ஒரு நாட்டுப்படகும் எதிரொலி ஆழமானியும் வாடகைக்கு எடுப்பேன். வாடைக்கு முன் ஒருமுறை, வாடை ஓய்ந்த பின் ஒருமுறை, பாம்பனிலிருந்து கோடியக்கரை வரை ஆழம் அளந்து வருவேன். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே கடலில் ஒரு காற்றுமானி வைக்கக் கேட்பேன். மிச்சம் இருந்தால் ஒலிபெருக்கி.